அரை அட்டை

கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். காணாமல் போகாதபடி சணல் கயிற்றில் கட்டி ஆணியில் மாட்டியிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அது ஆணிக்குத் திரும்புவதே இல்லை.

சாந்தோம் நெடுஞ்சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்கும் சந்தில் இருக்கிறது இந்த மெடிக்கல் ஷாப். படியில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் பேராலயத்தின் வெள்ளைக் கோபுரம். மறுபக்கம் குப்பத்து ஹவுசிங் போர்டு மாடிகளில் காயும் துணிகள். இரண்டு பக்கத்து ஜனங்களும் இங்கேதான் வருகிறார்கள். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் சீசன் வியாபாரம். வருஷம் முழுக்கப் போவது சுகர் மாத்திரையும் பிரஷர் மாத்திரையும்தான். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். பேச்சு குறைவு. வருகிறவர் வாயைத் திறப்பதற்குள் அவர் கை சரியான டப்பாவுக்குப் போய்விடும். கடை ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பவரை யாரும் கவனிப்பதில்லை.

மீன்கார அம்மா ஒருவர் வருகிறார். லூப் ரோட்டு மீன் அங்காடியில் வியாபாரம் முடித்து வருகிறார் என்பது முழங்கை வரை ஒட்டியிருக்கும் செதிலிலேயே தெரிகிறது. முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார். மடித்த ரூபாய்த் தாள்களுக்கு நடுவிலிருந்து ஒரு காலி மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணாடி மேல் வைக்கிறார். குழிகள் எல்லாம் அமுங்கியிருக்கின்றன. வெள்ளித் தாளில் மிச்சமிருப்பது பாதிப் பெயர்: '...டிபின் 5'. அவருக்கு அதுதான் மருந்துச் சீட்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் எந்த மழையில் போனதோ.

"இதுல அஞ்சு குடு நைனா."

"போன தபாவும் அஞ்சுதான் வாங்கினீங்க. முழு அட்டையா வாங்கிட்டுப் போங்கம்மா. தெனம் ஒண்ணு போடணும்ல?"

"தெனமும் இன்னாத்துக்கு? தல கிர்ருன்னா போடுவேன். நல்லாக்கீற அன்னிக்கு அத்த வேற போட்டு ஒடம்பக் கெடுத்துக்கணுமா?"

கடைக்காரர் மேற்கொண்டு பேசவில்லை. பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். கத்தரிக்கோல் அட்டையின் நடுவே நீளவாக்கில் ஓடுகிறது. இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து. காலாவதித் தேதி அச்சான ஓரமும் கூடவே பிளக்கிறது. மாதம் இந்தம்மாவிடம் போகிறது. வருஷம் டப்பாவுக்குள் தங்கி அடுத்து வருகிறவருக்காகக் காத்திருக்கிறது.

அந்தம்மா சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. சிக்கலே அதுதான். வலித்தால் மருந்து, வலி நின்றால் மருந்தும் நிற்கும். நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடந்துவரும் வழக்கம் இது, பெரும்பாலான நோய்களுக்கு ஒத்தும் போகிறது. பிரஷர் மட்டும் இதற்குள் அடங்காது. 180 இருக்கும்போதே கூடையைத் தூக்கிக்கொண்டு நடக்கலாம், பேரம் பேசலாம், சண்டையும் போடலாம். தலை கிர்ரென்பதற்கு வெயில் காரணமாக இருக்கலாம், காலையில் வெறும் டீயோடு கிளம்பியதும் இருக்கலாம். அம்லோடிபின் தலைச்சுற்றலுக்கான மருந்தே அல்ல. ரத்தக் குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதை அது குறைக்கிறது. அதனால் தசை தளர்ந்து குழாய் விரிகிறது. அவசரமில்லாத மருந்து. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். தினம் ஒன்றாக ஒரு வாரத்துக்கு மேல் போட்டு வந்தால்தான் ரத்தத்தில் ஒரு நிலையான அளவுக்கு வந்து உட்காரும். கிர்ரென்ற அன்றைக்கு மட்டும் ஒன்றைப் போடுகிறவர் அந்த நிலையை எட்டவே மாட்டார்.

அடுத்து நிற்பவர் வெள்ளை வேட்டிக்காரர், ரிடையர் ஆனவர். துணிப்பையிலிருந்து பி.பி. மெஷினை எடுத்து வைக்கிறார். அதன் மேல் நீள நோட்டு ஒன்று. காலை, மதியம், சாயங்காலம், படுக்கப் போகுமுன் என்று நான்கு கட்டம் போட்டு, சிவப்பு மையும் நீல மையுமாக நிரப்பியிருக்கிறார்.

"காலம்பற 138. காபி குடிச்சப்புறம் 146. என்னடா இதுன்னு திரும்பப் பார்த்தா 151. கோளாறு மெஷின்லயா என்கிட்டயா, நீங்களே சொல்லுங்கோ."

"பேட்டரி மாத்திப் பாருங்க சார்."

பேட்டரி வாங்கிக்கொள்கிறார். ஒரு மாதத்துக்கு வேண்டிய டெல்மிசார்டன், வெட்டாத அட்டைகளாக, சீட்டோடு, ரசீதோடு. ஒரு நாள்கூட மாத்திரையைத் தவறவிட்டிருக்க மாட்டார் என்பது அந்த நோட்டைப் பார்த்தாலே தெரிகிறது. 151 என்று காட்டியது மெஷினுமல்ல, நோயுமல்ல, 'என்னடா இது' என்ற பதற்றம்தான். மருந்து விஷயத்தில் இவர் பக்கம் ஒரு குறையும் இல்லை. ஆனால் நிம்மதி மீன்கார அம்மாவிடம்தான் இருக்கிறது.

கூட்டம் கொஞ்சம் கலைகிறது. ஆட்டோ ஓட்டும் காக்கிச் சட்டைக்காரர் இருமிக்கொண்டே வந்து சிரப் கேட்கிறார். எடுத்துக் கொடுக்கப் போன கடைக்காரர் நிற்கிறார்.

"போன மாசமும் இதே சிரப்தான வாங்கினீங்க? சளி இருக்கா?"

"சளியெல்லாம் இல்லண்ணே. சும்மா வறட்டு இருமல். ராத்திரி தூங்க விடமாட்டேங்குது."

"பிரஷருக்கு என்ன மாத்திரை போடறீங்க?"

சட்டைப் பையிலிருந்து வருகிறது அரசு ஆஸ்பத்திரி அட்டை. எனலாப்ரில். கடைக்காரர் சிரப்பைத் திரும்ப அலமாரியிலேயே வைத்துவிடுகிறார். "இந்த மாத்திரை சில பேருக்கு இருமல் கொடுக்கும். டாக்டர்கிட்ட போய் இருமல்னு சொல்லுங்க, வேற மாத்திரை எழுதுவாரு. நீங்களா நிறுத்திடாதீங்க." வியாபாரத்தைத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்ட கடைக்காரரை அன்று பார்க்கக் கிடைத்தது. ஆட்டோக்காரர் முகத்தில் நன்றியை விட எரிச்சல்தான் அதிகம். இரண்டு மாதமாகக் குடித்த சிரப்புக்கான காசை மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பார்.

பிறகு ஒரு பெண். புருஷனுக்கு வாங்க வந்தவர். குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்: "சரக்கு போட்ட அன்னிக்கு மாத்திர போடக் கூடாதாமே? அதனால அவுரு அன்னிக்கெல்லாம் போடறதே இல்ல." மாத்திரையை விட்டவர் சரக்கை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை, மீன்பாடு நன்றாகக் கிடைத்த நாள், பாடே இல்லாத நாள், ஒரு கல்யாணம், ஒரு சாவு என்று கழித்துக்கொண்டே போனால் மாத்திரைக்கு மிஞ்சும் நாட்கள் சொற்பம். குடி பிரஷரை ஏற்றும் என்பது அவருக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசாமலே காசை மாற்றிக்கொள்கிறார்கள்.

கழுத்தில் ஜெபமாலையோடு ஒரு பாட்டி. "இன்னிக்கு ஒருசந்தி. மாத்திரை போடலாமா?"

"ஃபாதரக் கேட்டீங்களா?"

"கேட்டேனே. டாக்டரக் கேளுங்கன்னாரு."

"டாக்டரு?"

"ஃபாதரக் கேக்கச் சொன்னாரு."

அந்தச் சந்தில் அன்றைக்குச் சத்தமாகச் சிரித்தவர் பாட்டி மட்டும்தான். ஒரு மடக்குத் தண்ணீரோடு மாத்திரை போட்டால் ஒருசந்தி நோன்பு கெட்டுவிடாது என்று இரண்டு பேரில் ஒருவர் சொல்லியிருக்கலாம்.

கடைசியாக ஒரு இளைஞன். கழுத்தில் கம்பெனி அட்டை, முதுகில் லேப்டாப் பை. முப்பது வயதைத் தாண்டியிருந்தால் அதிகம். சீட்டை நீட்டிவிட்டுச் செல்போனையே பார்த்துக்கொண்டிருக்கிறான். மாத்திரை கைக்கு வந்ததும் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "இது எவ்வளவு நாள் போடணும்ணா?" கடைக்காரர் சீட்டைக் காட்டுகிறார். ஒரு மாதம் கழித்து வரச் சொல்லி எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று எழுதவில்லை. பையன் அட்டையை லேப்டாப் பைக்குள் ஆழமாகத் திணிக்கிறான். வீட்டில் யாரும் பார்க்கக் கூடாது போலிருக்கிறது.

அவன் வெட்கப்பட வேண்டிய சாமான் இல்லை அது. உலகத்திலேயே அதிக அதிகாரம் உள்ள மனிதருக்கு ஒரு காலத்தில் கிடைக்காத சாமான். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தக் கசிவால் இறந்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 300/190. கூடவே மருத்துவர்கள் இருந்தார்கள். அவர்களால் முடிந்தது உப்பைக் குறைக்கச் சொல்வதும், ஓய்வு எடுக்கச் சொல்வதும், இதயத்துக்கு டிஜிட்டாலிஸ் கொடுப்பதும்தான். பிரஷரை இறக்க நம்பிக்கையான மாத்திரை என்று ஒன்று கையில் இல்லை. அப்புறம் நான்கே வருஷத்தில், 1949-இல், பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் சர்ப்பகந்தி வேரைக் கொடுத்துத் தன் நோயாளிகளுக்குப் பிரஷர் இறங்கியதைப் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் எழுதினார். நம் நாட்டு வைத்தியத்தில் பழகிய வேர்தான். 1952-இல் சுவிட்சர்லாந்தின் சிபா கம்பெனிக்காரர்கள் அதிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தெடுத்தார்கள். பிறகு வரிசையாக வந்தன: 1950-களின் கடைசியில் நீரைப் பிரிக்கும் தையசைடு, 1960-களில் புரோபிரனலால், பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் விஷத்தை ஆராய்ந்த வழியில் 1981-இல் கேப்டோபிரில், 1990 வாக்கில் அம்லோடிபின். இன்றைக்கு ஜெனரிக் கடையில் அம்லோடிபின் ஒரு அட்டை ஒரு டீ விலைக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

விலை இறங்கினால் பிரஷரும் இறங்கிவிடுமா? சென்னைக்கு இது தெரிந்த பாடம். சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி செயலிழந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்கள் அந்த நிலைக்கு வருவதற்கு முன்பே போய்ப் பிடிக்க வேண்டும் என்று நினைத்தவர். சென்னை கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் மூலம் நகரத்தை அடுத்த கிராமங்களில் சுமார் 25,000 பேரை எடுத்துக்கொண்டார். அந்தந்த ஊரில் படித்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார். சிறுநீரைச் சோதிப்பதும் பி.பி. பார்ப்பதும் அவர்கள் வேலை. பிரஷர் இருந்தவர்களுக்குக் கொடுத்தது புது மருந்து எதுவுமில்லை. மற்ற இடங்களில் ஏறக்குறைய மறந்துவிட்ட அதே ரிசர்பைன், தையசைடு, ஹைட்ரலசின். பெரும்பாலானவர்களுக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது. 2003-இல் வெளியிட்ட கணக்குப்படி ஊர் ஜனத்தொகையில் தலைக்கு, வருஷத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ 27 அமெரிக்க சென்ட். மலிவு மாத்திரை ஜெயித்ததாக இதைச் சொல்கிறவர்கள் உண்டு. மாதா மாதம் வாசலில் வந்து நின்ற பெண்களைக் கழித்துவிட்டு அதே மாத்திரையைக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு எழுதவே வந்திருக்காது.

2020-இல் தமிழ்நாடு அரசு எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில் வயது வந்தவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். மெடிக்கல் ஷாப் இல்லாத தெரு இல்லை என்று சொல்லத்தக்க மாநிலத்தில் இந்த நிலை. அடுத்த வருஷம் 2021 ஆகஸ்ட் 5 அன்று 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் ஏற்பாடு. பின்னால் எடுத்த இன்னொரு கணக்கெடுப்பில் பிரஷர் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதமாக ஏறியிருந்தார்கள். இரண்டு மடங்குக்கு மேல் என்று மகிழலாம். நூறில் எண்பத்து மூன்று பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள் என்றும் படிக்கலாம்.

காலையில் குப்பத்துக் கட்டடப் படிக்கட்டு. முதல் மாடித் திருப்பத்தில் இந்தத் திட்டத்தில் மாத்திரை கொண்டுவரும் அக்கா உட்கார்ந்திருக்கிறார். தோளில் பை, மடியில் நோட்டு, படியில் மெஷின். வேறெங்கிருந்தோ வந்தவர் இல்லை. இதே குப்பம்தான். அதனால் இங்கே யாரும் நோயாளி இல்லை. எல்லோரும் பெரியம்மா, சித்தி, அண்ணி. மேல்படியிலும் கீழ்படியிலுமாகப் பெண்கள். ஆண்கள் ஒருவரையும் காணோம். கடலிலிருந்து வந்து தூங்குகிறார்கள், அல்லது தூங்குவதாகச் சொல்லப்படுகிறது.

பி.பி. பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார வேண்டும், பேசக் கூடாது, காலைத் தொங்கவிடாமல் தரையில் ஊன்ற வேண்டும், கை இதயத்தின் மட்டத்தில் இருக்க வேண்டும். புத்தகத்தில் உள்ளபடி இவ்வளவும் இந்தப் படிக்கட்டில் நடக்க வாய்ப்பே இல்லை. கீழே தண்ணீர் லாரிக்குக் குடம் போடும் சண்டை. அதில் பாதிப் பேர் இங்கிருந்தபடியே கலந்துகொள்கிறார்கள்.

"பேசாத பெரீம்மா, ஏறுது."

"பேசாம இருந்தாத்தான்டி எனக்கு ஏறும்."

பட்டை காற்றில் உப்பிப் பிறகு தளர்கிறது. 172/98. அக்கா எண்ணைச் சத்தமாகச் சொல்லவில்லை, நோட்டில் எழுதுகிறார். பெரியம்மா எட்டிப் பார்த்து, "உன் மெஷினு எப்பவும் இப்டித்தான்" என்று தீர்ப்பு சொல்கிறார். அக்கா போன மாதம் கொடுத்த மாத்திரையைக் கேட்கிறார். உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் பை வருகிறது. அட்டைகளைப் படியில் பரப்பி எண்ணுகிறார். முப்பதில் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது.

விசாரணை ஆரம்பிக்கிறது. முதலில் வரும் பதில், கவர்மெண்ட் மாத்திரையில் பவர் இல்லை என்பது. அக்கா அசரவில்லை. இது தினம் கேட்கும் பதில். (தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு தொகுதி மாத்திரையையும் சோதனைக்கூடத்துக்கு அனுப்பித் தேறினால்தான் ஆஸ்பத்திரிக்கு விடுகிறது. கடையில் விலை கொடுத்து வாங்குவதற்குள்ளும் இதே அம்லோடிபின்தான்.) இரண்டாவது பதில், போட்டால் கால் வீங்குகிறது என்பது. பெரியம்மா சேலையைக் கணுக்கால் வரை தூக்கிக் காட்டுகிறார். வீக்கம் நிஜம். அம்லோடிபின் போடுகிறவர்களில் சிலருக்கு இப்படி ஆகும். அளவைக் குறைத்தோ வேறு மருந்துக்கு மாற்றியோ சரி செய்யலாம். ஆனால் இங்கே மாடிவீட்டு அண்ணி அதற்குள் நோயைக் கண்டுபிடித்து முடித்திருக்கிறார்: "கிட்னி போயிடுச்சின்னா இப்டித்தான் வீங்கும். பிரஷர் மாத்திர தின்னா கிட்னி போவும், எல்லாருக்கும் தெரியும்."

எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான், தலைகீழாக. கிட்னியின் நுண்ணிய குழாய்களை வருஷக்கணக்கில் அடித்துப் பாழாக்குவது அடங்காத பிரஷர். மணி டாக்டர் ஊர் ஊராக ஆளனுப்பியது கிட்னியைக் காப்பாற்றத்தான். மாத்திரை போட்டும் கடைசியில் கிட்னி போனவரை நாம் பார்க்கிறோம். அவர் மாத்திரை தொடங்கும் முன் எத்தனை வருஷம் தாமதித்தார், நடுவில் எத்தனை தடவை விட்டார் என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. பழி கண்ணுக்குத் தெரிகிற மாத்திரை மேல் விழுகிறது.

அக்கா இவ்வளவும் பேசவில்லை. "காலுக்கு டாக்டர்கிட்ட நானே இட்டுனு போறேன், மாத்திரைய மாத்துவாங்க" என்கிறார். பிறகு, "மாமா போட்டுக்கு ஆயில் எப்ப ஊத்தறாரு? நடுக்கடல்ல இஞ்சினு நின்னப்புறமா?" பெரியம்மாவிடமிருந்து பதில் இல்லை. அது ஒப்புக்கொண்டதற்கு அடையாளமா, லாரி கிளம்பிவிட்டதே என்ற கவலையா என்று சொல்ல முடியாது.

உப்புப் பேச்சு வரும்போது அக்காவின் குரலே கொஞ்சம் இறங்குகிறது. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். மொட்டை மாடியில் காய்வது கருவாடு. இந்தக் கட்டடத்தில் பல வீடுகளுக்கு அதுதான் குழம்பு, பல வீடுகளுக்கு வருமானமும் அதுதான். "உப்பு கம்மி பண்ணுங்க" என்கிறார். "உப்பில்லாம கருவாடு எங்கடி போடறாங்க, இட்டுனு போய்க் காட்டு" என்று பதில் வருகிறது. அக்கா நோட்டில் ஏதோ எழுதுகிறார். அறிவுரை வழங்கப்பட்டது என்று எழுதியிருப்பார். ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவிச் சமைத்தால் உப்பு ஓரளவு இறங்கும் என்பது இங்கே சமைக்கிற எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் எடுபட்டிருக்கும். ஆபீஸில் அச்சடித்த தாளில் கருவாடு இல்லாதது அக்காவின் குற்றமல்ல.

இறங்கிப் போகும்போது இரண்டாவது படியில் இருந்த ஒரு பெண் தன் அட்டைகளைத் தானாகவே நீட்டுகிறார். எல்லாக் குழிகளும் காலி. 128/80. யாரும் கை தட்டவில்லை, அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முப்பது மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பெயருக்கு எதிரே ஒரு டிக் போடுகிறார். பிரஷர் வைத்தியம் ஜெயிக்கும் இடம் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கிறது. சுவாரசியமே இல்லை.

இதைப் படிக்கிறவர் வீட்டிலும் பிரஷர் மாத்திரை போடுகிறவர் ஒருவராவது இருப்பார். 'போட்டாச்சா' என்று கேட்டால் 'ஆச்சு' என்றுதான் பதில் வரும். அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள். மிச்சம் அதிகமாக இருந்தால் திட்ட வேண்டாம், காரணத்தைக் கேளுங்கள். கால் வீக்கமோ வறட்டு இருமலோ என்றால் டாக்டரிடம் அழைத்துப் போய் மருந்தை மாற்றச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டெனலால் மாதிரிச் சில மருந்துகளைச் சட்டென்று நிறுத்துவதே ஆபத்து. காசுதான் காரணம் என்றால், மாநகராட்சியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பி.பி. பார்ப்பதற்கும் மாத்திரைக்கும் காசு வாங்குவதில்லை.